மஞ்சள் கதவு வைத்த பச்சை ஜீப்

யாகுட்ஸ்க்
8 டிசம்பர் 1996

அன்புள்ள மத்ரியோனா அக்காவுக்கு,

என்ன சேதி? நீயும் யெகோர் அத்தானும் சுகமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? என் குன்னேய் எப்படி இருக்கிறாள்? நீ வழக்கம்போல "சேதி எதுவும் இல்லை, நீ சொல்" என்றுதான் தொடங்குவாய். நம் ஆட்கள் கூரை பற்றி எரிந்தாலும் முதலில் சேதி இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் தீயைப் பற்றிப் பேசுவார்கள். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

எனக்கு அறை கிடைத்துவிட்டது. ரொட்டித் தொழிற்சாலைக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. சூடுகுழாய் இராப்பகலாக முனகுகிறது, ஆனால் நன்றாகச் சுடுகிறது. என் செம்யோன் இறந்த பிறகு, மூன்று வயதுக் குழந்தையை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேனே, தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்றேனே, அந்தக் கூரை இதுதான். ஹாஸ்டல் கட்டிலில் மூன்று குளிர்காலம் தள்ளிவிட்டேன். இனி ஒரு நாளும் தள்ள முடியாது.

ஆறு உறைந்து பனிச்சாலை திறந்துவிட்டதென்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். செம்யோனின் ஜீப் உன் முற்றத்தில்தான் நிற்கிறது. அத்தான் அதில் குன்னேயை அழைத்து வரட்டும். ஏப்ரல் நடுவில் ஆறு இளகிவிட்டால் அடுத்த டிசம்பர் வரை வழி கிடையாது. விமானமும் நின்றுவிட்டது. செப்டம்பரில் அவளை இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும். நானே வரலாம் என்றால், அறை கொடுத்த முதல் வருடத்தில் விடுப்பு எடுத்தால் அறையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அறை போனால் அவளை எங்கே வைப்பேன்?

அவளை முத்தமிட்டுச் சொல், அம்மா காத்திருக்கிறாள் என்று.

உன் தங்கை,
துயாரா

---

கிரெஸ்குயோல்
5 ஜனவரி 1997

அன்புள்ள துயாராவுக்கு,

சேதி எதுவும் இல்லை. நீ சொல்லிவிட்டாய், கேட்டுக்கொண்டேன். நாங்கள் சுகம். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு வலிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ரொட்டி சுடுகிறவள் பட்டினி கிடக்கிறாள் என்று ஊரில் பேச வைக்காதே.

அறை கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் குளிர் இப்போது மைனஸ் ஐம்பத்தைந்து. வெளியே துப்பினால் தரையில் விழுமுன் கல்லாகிறது. இந்தக் குளிரில் பழைய டயர் அப்பளமாக நொறுங்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யெகோர் கொதிகலன் அறையே கதியாகக் கிடக்கிறார். அவர் ஒரு நாள் நகர்ந்தால் பள்ளிக்கூடமே உறைந்துவிடும். பிப்ரவரியில் குளிர் சற்று இறங்கட்டும், பார்ப்போம்.

குன்னேய் வளர்ந்துவிட்டாள். போன வருடத்துக் கம்பளி பூட்ஸில் கால் நுழையவில்லை. தேநீரில் பாலாடை மிதக்காவிட்டால் கோப்பையைத் தள்ளிவிடுகிறாள். யெகோர் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடுகிறாள். எனக்கு முதுகு தேய்த்துவிட அவள்தான் வேண்டும். வீடு நிறைந்து இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
மத்ரியோனா

---

யாகுட்ஸ்க்
24 ஜனவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? நான் சுகம். பிப்ரவரி என்றாயே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சின்னக் கட்டில் ஒன்று வாங்கிவிட்டேன். பக்கத்து அறை லூஷா அதைப் பார்த்துவிட்டு, "யாருக்குடி இது, பூனைக்கா?" என்று கேலி செய்கிறாள். செய்யட்டும்.

அத்தானுக்கு ஜீப்பைப் பற்றி நான் சொல்லிக்கொடுப்பது அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும் செம்யோனோடு அந்தச் சாலையில் எத்தனை முறை வந்திருப்பேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்ஜின் மூடியின் மேல் போட்ட கம்பளப் போர்வையை எடுக்கவே வேண்டாம், ஓடும்போதும் இருக்கட்டும். கண்ணாடிகளில் இரண்டாவது கண்ணாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே மூச்சே பனியாகப் படியும். சரிவில் பிரேக்கை மிதிக்காமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும், அந்த வண்டிக்குப் பிரேக் என்றால் நாட்டியம் ஆடத் தோன்றும். ஆற்றைக் கடக்கும்போது கதவுகளைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு போகச் சொல், பனி உடைந்தால் குதிக்க வேண்டும். குன்னேயை மடியில் வைத்துக்கொள்ள யாராவது கூட வந்தால் நல்லது. நீயே வாயேன், அக்கா. கட்டில் உனக்கும் கொடுப்பேன்.

வழியில் எங்கும் என்ஜினை அணைக்க வேண்டாம். ஊரில் அணைத்தால் என்ஜின் தண்ணீரை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். அத்தானுக்கு இது தெரியாதா என்ன. மனசு அடித்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் துயாரா

---

கிரெஸ்குயோல்
16 பிப்ரவரி 1997

அன்புள்ள துயாராவுக்கு,

சேதி எதுவும் இல்லை என்று எழுத முடியவில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி.

ஜீப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை கிளம்புவதாக இருந்தோம். முந்தின நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த யெகோர், கொதிகலனில் ஏதோ கோளாறு என்று ஆள் வந்து கூப்பிட்டதும் அப்படியே ஓடிவிட்டார். தண்ணீரை இறக்கிவிட மறந்துவிட்டார். காலையில் பார்த்தால் தண்ணீர் உறைந்து என்ஜினே வெடித்திருக்கிறது. விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். இனி அது பழைய இரும்புக்குத்தான்.

அவரைத் திட்டி எழுதாதே. சோறு இறங்காமல் இருக்கிறார். செம்யோனின் வண்டி என்பதால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் விதி இப்படி என்றால் யார் என்ன செய்ய முடியும்? ஒரு வருடம்தானே, கண்மூடித் திறப்பதற்குள் டிசம்பர் வந்துவிடும். இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது.

குன்னேய் சுகம். உனக்காக ஒரு குதிரை வரைந்திருக்கிறாள். தபால்காரன் அவசரப்படுத்துகிறான், அடுத்த கடிதத்தில் வைக்கிறேன்.

மத்ரியோனா

---

யாகுட்ஸ்க்
28 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜீப்புக்காக ஒரு நாள் அழுதேன். இருபது வருடம் கொதிகலன் பார்த்த மனிதர், குழாயில் ஒரு சொட்டு நின்றாலும் விடாதவர், தண்ணீரை இறக்க மறந்தாரா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம் என்னையே திட்டிக்கொண்டேன். மனிதன்தானே, மறக்காமலா இருப்பார். அத்தானிடம் சொல், நான் கோபப்படவில்லை, வயிறாரச் சாப்பிடட்டும்.

ஆனால் டிசம்பர் என்று மட்டும் சொல்லாதே. வழி கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலைக்கு மாவு ஏற்றிவரும் லாரிக்காரர் கவ்ரில், அடுத்த வாரம் உங்கள் ஊர்ப்பக்கம் வருகிறார். பேரன் பேத்தி எடுத்தவர், நிதானமாக ஓட்டுபவர். அவரோடு அவரது மனைவியும் வருகிறாள். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. குன்னேயை அவர்களோடு அனுப்பிவிடு. துணி எதுவும் கட்ட வேண்டாம், பிள்ளை வந்தால் போதும். அந்தக் குதிரைப் படத்தை மட்டும் மறக்காமல் கொடுத்தனுப்பு.

துயாரா

---

கிரெஸ்குயோல்
12 மார்ச் 1997

அன்புள்ள துயாராவுக்கு,

சுகமா? கவ்ரிலும் அவர் மனைவியும் வந்தார்கள். நல்ல மனிதர்கள். குதிரைக்கறி சூப் கொடுத்தேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

குன்னேயை அனுப்ப முடியவில்லை. பத்து நாளாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. தொற்றும் என்று அவர்களை அறைப்பக்கமே விடவில்லை. இந்த நிலையில் லாரியில் இரண்டு நாள் குலுங்கினால் பிள்ளை தாங்குமா? நீயே யோசி. யெகோர் குதிரைப் பண்ணைக்குப் போயிருக்கிறார், அதனால் வந்தவர்களைப் பார்க்க முடியவில்லை.

ஜீப் முற்றத்தில் பனி மூடிக் கிடக்கிறது. காய்ச்சல் வருவதற்கு முன்பு குன்னேய் அதற்குள் ஏறி உட்கார்ந்து வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். படம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மத்ரியோனா

---

யாகுட்ஸ்க்
19 மார்ச் 1997

மத்ரியோனா அக்காவுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

கவ்ரில் உன் கடிதத்தைக் கொடுத்தார். பிள்ளை வராததற்கு மன்னிப்புக் கேட்டார். அப்புறம் தேநீர் குடித்துக்கொண்டே வழிக்கதை சொன்னார். உங்கள் ஊருக்கு வருகிற வழியில், மாவட்டத் தலைநகருக்குப் பக்கத்தில், டீசல் உறைந்து லாரி நின்றுவிட்டதாம். காற்று வெட்டி எடுத்ததாம். அப்போது எதிரே ஒரு பழைய ஜீப் வந்து நின்றதாம். "பச்சை வண்டிம்மா, டிரைவர் பக்கக் கதவு மட்டும் மஞ்சள், வேற எங்கேருந்தோ கழட்டி மாட்டினது போல" என்றார். அந்தக் கதவை மாட்டியபோது ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தவள் நான்.

ஜீப்காரர் பேசவே இல்லையாம். ஊதுவிளக்கைப் பற்றவைத்துக்கொண்டு லாரிக்கு அடியில் படுத்து, குழாய் இளகும்வரை எழுந்திருக்கவில்லையாம். அதுவரை கவ்ரிலின் மனைவி ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தாளாம். உள்ளே ஒரு சின்னப் பெண். கன்னம் வீங்கியிருந்ததாம், பல் பிடுங்கப் போகிறார்களாம். பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொடுத்து, "பாலாடை இல்ல, மன்னிச்சுக்கோங்க" என்றாளாம். கவ்ரிலின் மனைவி சிரித்துவிட்டு, "யாரு வீட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்டிருக்கிறாள்.

"மத்ரியோனா அம்மா பொண்ணு."

இதை அந்தப் பெண்மணி என்னிடம் ஆசையாகச் சொல்கிறாள், அக்கா. துயாராவின் அக்கா வீடு என்று கேட்டுத்தான் உன் வீட்டுக்கு வந்து சூப் குடித்தாளாம், உன் பெயர் அவளுக்குத் தெரியாதாம். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் கோப்பையைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

வெடித்த என்ஜின் பாதி வழி ஓடியிருக்கிறது. காய்ச்சலில் படுத்தவள் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் ஒரு நாள் ஓட்டியிருந்தால் என் வாசலுக்கு வந்திருப்பாள். அடிப்பாவி, குதிரைப் படமாவது நிஜமா?

ஊரில் எவளாவது இப்படிச் செய்திருந்தால் முதலில் உன்னிடம்தான் ஓடிவந்து சொல்லி அழுதிருப்பேன். இப்போது யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஏப்ரல் நடுவில் சாலை மூடும். அதற்குள் என் பிள்ளை என்னிடம் வர வேண்டும்.

துயாரா

---

யாகுட்ஸ்க்
19 மார்ச் 1997

மதிப்புக்குரிய யெகோர் அத்தானுக்கு,

வணக்கம். இது உங்களுக்கு மட்டும். கவ்ரில் தன் கையால் உங்களிடம் தருவார்.

பனிச்சாலையில் நின்றுபோன வண்டியைத் தாண்டிப் போகக் கூடாது. நீங்களும் செம்யோனும் யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை, செய்து காட்டினீர்கள். அன்றைக்கு நீங்கள் அந்த லாரியைத் தாண்டிப் போயிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. நின்றால் மாட்டிக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? ஆனாலும் நின்றீர்கள்.

முன்பின் தெரியாத லாரிக்காரனுக்காக நின்ற மனிதர் நீங்கள். மூன்று குளிர்காலமாக நான் நிற்கிறேன், அத்தான். என்னை மட்டும் எப்படித் தாண்டிப் போனீர்கள்?

துயாரா

---

கிரெஸ்குயோல்
2 ஏப்ரல் 1997

துயாராவுக்கு,

சேதி எதுவும் இல்லை. எல்லாம்தான் உனக்குத் தெரிந்துவிட்டதே.

பொய் சொன்னேன். ஆமாம். அதற்கு நீ என்னை எந்தப் பெயர் சொல்லி வேண்டுமானாலும் கூப்பிடு. ஆனால் விட்டுவிட்டு வந்தேன், விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறாயே, நீ விட்டுவிட்டா போனாய்? கொடுத்துவிட்டுப் போனாய். அடுப்புத் தீயில் வெண்ணெய் விட்டு, தீயே சாட்சியாக எல்லார் முன்னாலும் அவளை என் மடியில் உட்கார வைத்தாய். பிள்ளை இல்லாத அக்காவுக்குப் பிள்ளை கொடுப்பது நம் ஆட்களிடம் புதிதா? கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுதான் புதிது. உன் வழிப்பயணம் நல்லபடி அமைய விட்ட வெண்ணெய் என்று நீ இப்போது சொல்வாய். சொல்லிக்கொள்.

வந்த முதல் மாதம் அவள் உன் சால்வையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். இரண்டாவது மாதம் சால்வையை விட்டுவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் பிடுங்கவில்லை, துயாரா. அவளாக வந்தாள். நாற்பத்தாறு வயதில் ஒருத்தி என்னை அம்மா என்று கூப்பிட்டாள். அதை எப்படி ஜீப்பில் ஏற்றி அனுப்புவது? நீ சின்னவள், இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளலாம். எனக்கு வேறு என்ன இருக்கிறது?

அனுப்ப மாட்டேன். யெகோரும் என் பக்கம்தான். நீ அவருக்குத் தனியாக எழுதியது எனக்குத் தெரியும். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்தே புரிந்துகொள்.

மத்ரியோனா

---

கிரெஸ்குயோல்
15 மே 1997

துயாராவுக்கு,

மாதம் ஒரு முறை தபால் கொண்டுவரும் ஹெலிகாப்டரில் இதை அனுப்புகிறேன். குன்னேய் சுகமா? நீ சுகமா?

ஏப்ரலில், சாலை மூடுவதற்குச் சற்று முன்பு ஒரு நாள் காலையில் யெகோர், "நாங்க ரெண்டு பேரும் ஏரிக்குப் போய் ஐஸ் வெட்டிட்டு வந்துர்றோம், நிலவறைக்கு வேணும்ல" என்றார். போய் வாருங்கள் என்றேன். அவள் ஜீப்பின் மஞ்சள் கதவு வழியாக ஏறிக்கொண்டு எனக்குக் கை காட்டினாள். நானும் கை காட்டினேன். திரும்பி வரும்போது பசிக்குமே என்று அப்பம் சுட்டு அடுப்போரம் மூடி வைத்தேன்.

அப்பம் ஆறியது. மறுபடி சூடாக்கினேன். அப்புறம் ஏதோ எடுக்கத் தாழ்வாரத்துக்குப் போனேன். ஐஸ் வெட்டுகிற ரம்பம் சுவரில் மாட்டியபடியே இருந்தது.

இருபத்தைந்து வருடம் இந்த மனிதரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைத்திருந்தேன். நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது. அவளை உன்னிடம் விட்டுவிட்டு, கவ்ரிலின் கடைசி லாரியில் தனியாகத் திரும்பி வந்தார். தாடியெல்லாம் பனி. சோறு போட்டேன். பேசவில்லை. இன்றுவரை நான் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்குக் கொதிகலன் அறைக்குப் போகிறார், வருகிறார். நீயும் அவரும் சேர்ந்து என்னை அறுத்துப் போட்டுவிட்டீர்கள். அதுவும் என்னையே கை காட்டி வழியனுப்ப வைத்து.

அவள் தேநீருக்குப் பாலாடை வேண்டும். வலது காதில் காற்று படக் கூடாது. தூங்குமுன் முதுகில் மெல்லத் தட்ட வேண்டும், பாட வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். டிசம்பரில் பனிச்சாலை திறந்ததும் அவளை ஒரு முறை அழைத்து வந்து காட்டு. வைத்துக்கொள்ள மாட்டேன். பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன். ஜீப் இப்போது உன்னிடம்தானே இருக்கிறது.

மத்ரியோனா

---

யாகுட்ஸ்க்
14 டிசம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? முழங்கால் எப்படி? அத்தானோடு பேசுகிறாயா? நாங்கள் சுகம். உன் கடிதத்துக்குக் கோடை முழுவதும் பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

குன்னேய் பள்ளிக்குப் போகிறாள். கணக்கு நன்றாக வருகிறது. பாலாடை போட்டுத்தான் தேநீர் கொடுக்கிறேன். முதுகில் தட்டுகிறேன். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். நான் திருத்திப் பார்த்தேன். திருத்தினால் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டாள். அதனால் விட்டுவிட்டேன்.

போன வாரம் கவ்ரில் வந்து பனிச்சாலை திறந்துவிட்டது என்றார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருந்து காலையில் எழுந்ததும் கம்பளி பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்துவிடுகிறாள். உன்னிடம் அழைத்துப் போனால் அவள் திரும்பி வருவாளா? நீ அனுப்புவாய், அக்கா, இந்த முறை உன்னை நம்புகிறேன். அவள் வருவாளா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஜீப்பில் ஏற்ற அவளை இழுக்க வேண்டி வந்தால் நான் என்ன ஆவேன்?

இன்று காலையும் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தாள். "அம்மா வீட்டுக்கு எப்ப போறோம், சித்தி?"

"ஜீப் போயிருச்சு, கண்ணு. தண்ணிய இறக்க மறந்துட்டேன். உறைஞ்சு என்ஜின் வெடிச்சிருச்சு" என்றேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது, அக்கா. உன் கடிதத்தை அத்தனை முறை படித்திருக்கிறேன்.

அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்:

"சரி. அம்மாவும் இப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. இந்தத் தடவை யாருகிட்ட சொல்லணும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே தெருவில், போர்வை மூடிய ஜீப் புகை விட்டுக்கொண்டு நிற்கிறது. காலையில் நான்தான் கிளப்பிவிட்டு வந்தேன். இன்னும் அணைக்கவில்லை.

வேறு சேதி எதுவும் இல்லை. நீ சொல்.

துயாரா